காய்ச்சலும் பாய்ச்சலும்

கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றி உங்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று அறியேன். மின்விளக்கு ஊரெங்கும் பரவியபின் அது நாட்டைவிட்டே குடிபெயர்ந்துவிட்டது போலும். என் இளமையில் அதன் பெயரைச் சொல்லித்தான் பாட்டிமார் எங்களை உறங்கவைத்தனர். நிலவில்லாத இரவுகளில், ஊருக்கு வெளியே சேறு படிந்த குட்டைகளின் ஓரத்தில் நீல நிறமான சுடர் ஒன்று தோன்றும், சற்றே அசையும், மறையும். வாயில் கொள்ளிக்கட்டையைக் கவ்விக்கொண்டு பேய் உலவுகின்றது என்பர். கண்டதாகச் சொல்லக் கேட்டவர் பலர். தாமே கண்டவர் மிகச் சிலர்.

அந்தப் பேயைப் புட்டியில் அடைத்தவர் ஒருவர் உண்டு. அவர் இத்தாலி நாட்டு அறிஞர் அலெஸாண்ட்ரோ வோல்டா. மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, 1776-ஆம் ஆண்டில், மஜ்ஜோரே என்னும் ஏரியின் ஓரத்தில் நாணல் அடர்ந்த சதுப்பிலே ஒரு கோலால் சேற்றைக் கிளறினார். குமிழிகள் எழுந்தன. அவற்றைப் புட்டியில் பிடித்து நெருப்பைக் காட்டினார். வாயு நீலச் சுடருடன் எரிந்தது. சதுப்பு வாயு என்று வழங்கிய அதனையே இன்று மீத்தேன் என்கிறோம். ஓர் அணுக் கரியும் நான்கு அணு ஹைட்ரஜனும் சேர்ந்து ஆயது அது. குட்டையோரத்தில் அது தானாகவே தீப்பற்றுவது எவ்வாறு என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. அதனை இங்கே விட்டுவிடுவோம்.

நான் பணியாற்றிய பள்ளியின் பின்புறம் ஒரு குட்டை இருந்தது. ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை அங்கே அழைத்துச் சென்று வோல்டா செய்ததையே செய்யச் சொல்வது என் வழக்கம். நீர் நிரம்பிய சீசாவைத் தலைகீழாகப் பிடித்து, வாயில் ஒரு புனலைப் பொருத்தி, அடியில் உள்ள சேற்றை மூங்கில் கழியால் கிளறினால், கால் மணி நேரத்தில் சீசா நிரம்பிவிடும். தீக்குச்சியைக் காட்டும் வேலையை மட்டும் நானே வைத்துக்கொள்வேன். ஓர் ஆண்டு, உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி, "ஐயா, எங்கள் வயலில் நடக்கும்போதும் இதுபோலக் குமிழி வருகிறதே, அதுவும் இதுதானா?" என்று கேட்டாள். அதுவும் இதுதான். இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியதே.

பசுமை இல்ல வாயுக்கள் என்று உங்கள் பாடநூல் சிலவற்றைச் சொல்கிறது. பூமியினின்று வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்திப் போர்வைபோல் வேலை செய்வன அவை. அவற்றுள் கரியமில வாயுவை எல்லாரும் அறிவர். மீத்தேனின் அளவு அதனினும் மிகமிகக் குறைவு. ஆயினும் ஆற்றல் மிகுதி. எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு என்பர். ஏன் இந்த வேறுபாடு? மீத்தேன் நெடுங்காலம் வாழ்வதில்லை. சுமார் 12 ஆண்டில் காற்றிலேயே சிதைந்துபோகும். கரியமில வாயுவோ தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். ஆகவே மீத்தேனை இன்று குறைத்தால் அதன் பயனை நாமே, நம் வாழ்நாளிலேயே, காணலாம். இதனை நான் ஒரு நற்செய்தியாகவே கருதுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் 0.7 பங்காக இருந்த மீத்தேன் இன்று 1.9 பங்கைத் தாண்டிவிட்டது.

இது எங்கிருந்து வருகிறது? நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, நகரத்துக் குப்பைமேடு ஆகியவை உண்டு. ஆனால் மனிதர் செயலால் எழும் மீத்தேனில் ஏறக்குறைய 32 விழுக்காடு கால்நடைகளிடமிருந்தும், 8 விழுக்காடு நெல் வயல்களிலிருந்தும் வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். உழவு, கால்நடை, காடழிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உலகின் பசுமை இல்ல வாயுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைச் சார்ந்தே எழுகிறது. இவை அனைத்தையும் ஒரே பேச்சில் அடக்க முயன்றால் எதுவும் மனத்தில் நில்லாது. நாம் மூன்று வேளையும் உண்பது நெல். அதனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வயலில் நீர் கட்டியவுடன் மண்ணுக்கும் காற்றுக்கும் இடையே கதவு அடைபடுகிறது. மண்ணில் எஞ்சியிருந்த பிராணவாயுவை அங்குள்ள நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பின் அவை சும்மா இருப்பதில்லை. நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை எடுக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பின் இரும்பு, பின் கந்தகம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும். வறுமையுற்ற குடும்பம் முதலில் காசையும், பின் நகையையும், பின் பாத்திரங்களையும் விற்றுக் காலம் தள்ளுவது போன்றது இது. எல்லாம் தீர்ந்தபின்னரே மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களின் முறை வருகிறது. ஆர்க்கியா என்னும் மிகப் பழைய குலத்தைச் சேர்ந்தவை அவை. பிராணவாயு பட்டால் அவற்றின் வேலை நின்றுவிடும். மட்கும் வைக்கோலும், பயிரின் வேர் கசியவிடும் இனிப்புப் பொருள்களும் கடைசியில் அவற்றிடம் வந்து மீத்தேனாகின்றன. வரிசை இதுவாதலின், நீர் கட்டிய முதல் நாளே மீத்தேன் எழுவதில்லை. சில நாளேனும் கழியவேண்டும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இவ்வாறு உண்டாகும் வாயுவில் குமிழியாக எழுவது சிறு பகுதியே. பெரும்பகுதி நெற்பயிரின் உடல் வழியாகவே மேலே செல்கிறது. நெல்லின் தாளை நறுக்கிப் பார்த்தால் உள்ளே காற்றறைகள் தெரியும். மூச்சற்ற சேற்றில் நிற்கும் வேருக்கு மேலிருந்து காற்றைக் கொண்டுசெல்ல இயற்கை அமைத்த குழாய்கள் அவை. கீழே காற்றை இறக்கும் அதே வழி, மேலே மீத்தேனை ஏற்றும் புகைபோக்கியும் ஆகிறது.

இவ்வாராய்ச்சியின் தொடக்கக் காலத்தில் நம் கோயம்புத்தூருக்கும் இடம் உண்டு என்பதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. சென்னை மாகாணத்தின் வேளாண்மை இரசாயன அறிஞராக இருந்த டபிள்யூ. எச். ஹாரிசன் என்பவரும், அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், நெல் வயல் சேற்றில் எழும் வாயுக்களைப் பிடித்து ஆராய்ந்து 1913-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பூமி சூடாவது பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. காற்றே இல்லாத சேற்றில் நெல் எவ்வாறு செழிக்கிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. வயல் வாயுவில் மீத்தேனும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதைக் கண்டனர். மண்ணின் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஏட்டில் வாழும் நுண்ணுயிர்கள் மேலெழும் மீத்தேனை உண்டு கரியமில வாயுவாக்குவதையும், அதனைக் கொண்டு பாசி பிராணவாயுவை வெளியிடுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த ஆய்வு இன்றும் அறிஞர்களால் எடுத்தாளப்படுகிறது.

ஆனால் 1990-ஆம் ஆண்டை ஒட்டி நம் நெல்லுக்கு ஒரு கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. மேல்நாட்டு வயல்களில் அளந்த அளவைக் கொண்டு நம் நாட்டு நெற்பரப்பைப் பெருக்கி, இந்திய வயல்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 380 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்று ஒரு கணக்கைச் சொன்னார்கள். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ராவும் அவருடைய கூட்டத்தாரும் அதனை வாதத்தால் மறுக்கவில்லை. நாட்டின் பல பகுதி வயல்களில் பெட்டியைக் கவிழ்த்து, வாயுவைப் பிடித்து, அளந்தே பார்த்தனர். கிடைத்த விடை சுமார் 40 இலட்சம் டன். மானாவாரி நிலமும், இடையிடையே உலரும் நிலமும், தழையுரம் குறைந்த நிலமும் நம்மிடம் மிகுதி. இவற்றையெல்லாம் பழைய கணக்கு கருதவில்லை. அதே காலத்தில், 1991-இல், அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் வேறொரு வினாவை எழுப்பினர். உயிர் வாழ்வதற்காக வெளிப்படும் வாயுவையும் ஆடம்பரத்திற்காக வெளிப்படும் வாயுவையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நிறுக்கலாகாது என்பதே என் கருத்தும். உணவு விளைவிப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஊர்தி ஓட்டுபவர் சாட்சி சொல்வது முறையன்று.

அதனால் குறைக்கவே வேண்டியதில்லை என்று முடிவு கட்டலாமா? பூமி சூடானால் முதலில் அடிபடுவதும் நெல் உழவனே. கடல் உயர்ந்தால் உவர் ஏறுவது கழிமுகத்து வயல்களில்; பூக்கும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால் பதராவது அவன் நெல். குறைக்கும் வழி அவனுக்குக் கேடு செய்யாததாயின், அதனை மறுக்கக் காரணமில்லை.

அந்த வழி நம் உழவர் பேச்சிலேயே இருக்கிறது. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்பர். நீரைப் பாய்ச்சி, அது வற்றும்வரை காயவிட்டு, மீண்டும் பாய்ச்சுவது. காயும்போது மண்ணுள் காற்று புகும். மீத்தேன் செய்யும் நுண்ணுயிர் வேலையை நிறுத்தும். மீண்டும் நீர் கட்டினாலும், நான் முன்சொன்ன வரிசை முழுவதையும் மண் முதலிலிருந்து கடந்து வரவேண்டும். அதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-இல் தோன்றிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஓர் எளிய அளவுகோலைத் தந்தனர். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் கீழ்ப்பாதி முழுதும் துளையிட்டு, அப்பாதி மண்ணுள் புதையுமாறு வயலில் நிறுத்தி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வெளியே நீர் மறைந்தபின்னும் நிலத்தடியில் அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது குழாயில் தெரியும். மண்மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி, இறங்கும்வரை காத்திருக்கலாம். வேருக்கு அதுவரை நீர் எட்டும். பின் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்க நீர் நிற்கட்டும். பூக்கும் பருவத்திலும் காயவிடலாகாது. இந்த எல்லையைக் காத்தால் விளைச்சல் குறைவதில்லை. நீர் 30 விழுக்காடு வரை மிஞ்சும். மீத்தேனோ ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

ஒரு தடை உண்டு. மண் நனைந்தும் காய்ந்தும் மாறும்போது, யூரியாவின் ஒரு பகுதி நைட்டிரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறிப் பறக்கும். எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு கொடியது. ஆகையால் காய்ச்சலைக் கைக்கொள்பவர் உரத்தை அள்ளி இறைக்கலாகாது. சிறிது சிறிதாகப் பிரித்து, பயிர் கேட்கும் நேரத்தில், நீர் கட்டுவதை ஒட்டி இடவேண்டும். அவ்வாறு செய்தால், பெரும்பாலான வயல்களில், மீத்தேனால் பெறும் நன்மை இத்தீமையை விஞ்சி நிற்கிறது.

இவ்வளவு நன்மை இருந்தும் வயல்களில் ஏன் எப்போதும் நீர் நிற்கிறது? அறியாமை என்று சிலர் விடை சொல்வர். எனக்கு அவ்விடையில் உடன்பாடில்லை. காவிரிக் கழிமுகத்தில் பல ஆண்டு பணியாற்றியவன் நான். என் மாணவன் ஒருவனின் தந்தை கடைமடையில் மூன்று ஏக்கர் பயிரிட்டவர். வானொலியில் இந்தக் குழாய் முறையைக் கேட்டுவிட்டு ஒருநாள் என்னிடம் வந்தார். "ஐயா, காயப் போட்டால் நல்லது என்று எங்கப்பா காலத்திலேயே தெரியும். நான் காயப் போடுகிறேன். பத்தாம் நாள் தண்ணீர் வேண்டும் என்றால் எனக்கு யார் தருவார்? தலைமடைக்காரர் அடைத்துவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்?" என்றார். என்னிடம் விடை இல்லை. அவர் வயலில் நிற்கும் நீர் வெறும் நீர் அன்று; அவருடைய சேமிப்பு. வங்கியை நம்பாதவன் பணத்தை வீட்டிலேயே வைத்திருப்பது போல, வாய்க்காலை நம்பாதவன் நீரை வயலிலேயே வைத்திருக்கிறான்.

அவர் நம்பாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்கு நீர்விட வழக்கமான நாள் ஜூன் 12. அந்நாளில் திறக்க இயலாமற்போன ஆண்டுகள் மிகப் பல. 2023-இல் உரிய நாளில் திறந்தார்கள்; ஆயினும் நீர் இருப்புக் குறைந்து, அக்டோபர் 10 அன்று மூட நேர்ந்தது. 2024-இல் திறந்ததே ஜூலை 28-இல்தான். இப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறும் நீரை எதிர்நோக்கி நிற்பவரிடம் "வடித்துவிடுங்கள்" என்று சொல்வது எளிது, கேட்பது கடினம். சம்பாப் பருவத்திலோ நிலைமை வேறு. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வடிகால் இல்லாத தாழ்ந்த வயலை யார் விரும்பினாலும் காயவைக்க முடியாது. எனவே இம்முறை நம் கழிமுகத்தில் பெரிதும் குறுவைக்கும், ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்திற்குமே பொருந்தும். கிணற்றுப் பாசனத்திலும் ஒரு சிக்கல்: பம்புக்கு மின்சாரம் இலவசம், ஆனால் வரும் நேரம் நம் வசத்தில் இல்லை. வரும்போது ஓட்டிக்கொள்வோம் என்றே எவரும் நினைப்பர். நீரை மிச்சப்படுத்தினால் ஒரு காசும் மிஞ்சுவதில்லை. களை ஒன்று வேறு இருக்கிறது. நிற்கும் நீரே மலிவான களையெடுப்பு ஆள். நீரை எடுத்துவிட்டால் கூலியாள் தேட வேண்டும்.

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் இதே தலைமடை, கடைமடை வழக்கு இருந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்கே, குழாயைத் தனியே கொடுத்து அனுப்பாமல், கால்வாய் நீரையே முறைவைத்து விடும் திட்டத்துடன் காய்ச்சலையும் பாய்ச்சலையும் இணைத்தனர். மேலே உள்ளவர் காயவிடும் நாளில் கீழே உள்ளவருக்கு நீர் சென்றது. வாயுவைக் குறைப்பதற்காக அன்று, நீர்ப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்காகவே அவர்கள் இதனைச் செய்தனர். நமக்கும் முறைப்பாசனம் புதிதன்று. ஏரிப் பாசனம் நன்கு நடந்த ஊர்களில் நீர்க்கட்டி என்று ஓர் ஊழியர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவர் பொறுப்பு; அவருக்குக் களத்தில் நெல் அளந்தனர். இன்று அந்தப் பதவி பல ஊர்களில் இல்லை. இருக்கும் ஊர்களிலும் அதனை ஏற்க இளைஞர் முன்வருவதில்லை. ஒரு கழிமுகத்தின் மீத்தேன் கணக்கில் அந்த மனிதருக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் நகைக்காதீர்கள்.

கால்நடையைப் பற்றி ஒரு சொல். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பசுவும் எருதுமாக 19 கோடிக்கு மேலும், எருமை ஏறத்தாழ 11 கோடியும் உள்ளன. அவற்றின் அசையிரைப்பை நடமாடும் ஒரு நெல் வயல். அதே குலத்து நுண்ணுயிர்கள், அதே வாயு. வாய்வழியே ஏப்பமாக வெளிவருகிறது. வெறும் வைக்கோலைத் தின்னும் மாடு, பசுந்தீவனமும் புண்ணாக்கும் பெறும் மாட்டைக் காட்டிலும், கறக்கும் ஒவ்வொரு படிப் பாலுக்கும் மிகுதியான மீத்தேனை வெளியிடும். ஆகவே மாட்டுக்கு நல்ல தீனி தருவதே இங்கும் முதல் மருந்து. சாணத்தை மூடிய கலத்தில் இட்டு எரிவாயு எடுப்பது நீங்கள் அறிந்ததே. அங்கே நாம் அந்த நுண்ணுயிர்களுக்குச் சோறு போட்டு வேலை வாங்குகிறோம். வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் அமிழ்த்தாமல், முதலில் மட்கவைத்து எருவாக்கி இட்டால் வயலின் மீத்தேன் குறையும் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுள் வயலுள்ள வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், அடுத்த குறுவைக்கு ஒரு குழாய் செய்து பாருங்கள். உடைந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். விட்டம் ஒரு கை உள்ளே நுழையுமளவு இருக்கட்டும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிடலாம். வரப்புக்கு அருகே, ஆனால் மேட்டிலோ பள்ளத்திலோ அல்லாமல், நடுத்தரமான இடத்தில் நிறுத்துங்கள். நாள்தோறும் காலையில் ஓர் அளவுகோலை விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியிட்டு நோட்டில் குறியுங்கள். மழை பெய்த நாளையும், வாய்க்காலில் நீர் வந்த நாளையும், வருவதாகச் சொல்லி வராத நாளையும் தனித்தனியே குறிக்க வேண்டும். மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு முதலில் தோன்றும் நாளில் குழாயினுள் நீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று பாருங்கள். களிமண்ணில் ஓர் எண் வரும். மணல் கலந்த மண்ணில் வேறோர் எண் வரும். தலைமடையில் ஒரு மாணவரும் கடைமடையில் ஒரு மாணவரும் ஒரே வாய்க்காலில் இவ்வாறு எழுதி, அறுவடைக்குப்பின் இரண்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.